வகுப்பறைக்குள் உரிமைச் சட்டம்



புத்தளத்திலிருந்து பாலாவி வழியாகக் கற்பிட்டிக்குச் செல்லும் பாதையில் உப்பளங்களைத் தாண்டினால், தமிழ் மொழிமூலப் பாடசாலைகள் பல உள்ளன. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் பல இக்கரையிலேதான் வந்து குடியேறின. அக்குடும்பங்களின் பிள்ளைகளும் உள்ளூர்ப் பிள்ளைகளும் இன்று ஒரே வாங்கில் அமர்ந்து குடியியற் கல்வி பயில்கின்றனர். அங்கே அடிப்படை உரிமைகளைக் கற்பிக்கும் ஆசிரியர் எவ்வாறு தொடங்குவது?

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை, இலங்கை எங்கணும் நடமாடவும் விரும்பிய இடத்தில் வதியவும் ஒவ்வொரு குடிமகனுக்கும் சுதந்திரம் உண்டு என்கிறது. உடனே ஒரு மாணவி எழுந்து, "சேர், அந்தச் சட்டம் இருக்கும்போதுதானே யாழ்ப்பாணத்தில் எங்கள் வாப்பா வீட்டாரை இரண்டு மணி நேரத்தில் வெளியேறச் சொன்னார்கள்?" என்று கேட்டால் என் செய்வது? 'அது பரீட்சைக்கு வராது' என்று அவளை இருத்திவிடுவது மிக எளிது. என்னைக் கேட்டால், பாடமே அங்கேதான் தொடங்குகிறது.

அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின்படி உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்வது, ஆட்சித்துறையின் அல்லது நிருவாகத்தின் செயலால் உரிமை மீறப்படும்போதுதான். ஆயுதக் குழுவொன்றின் செயல் அதனுள் அடங்காது. இதை மழுப்பாமல் சொல்ல வேண்டும். ஆயினும் இடம்பெயர்ந்தோரின் பதிவிலோ பிள்ளைகளைப் பாடசாலையில் சேர்ப்பதிலோ ஓர் அரச அலுவலர் பாரபட்சம் காட்டினால், அது நிருவாகச் செயல். அங்கே வழி திறந்திருக்கிறது.

தனி மனிதர் செய்யும் கொடுமைக்கு என்ன? இவ்விடத்தில் 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டத்தைக் கையில் எடுக்கலாம். சாதியைக் காட்டி ஒருவரைக் கடையிலோ உணவுச்சாலையிலோ பொதுக் கிணற்றிலோ தடுப்பவர் யாராயினும் குற்றவாளியே. அமெரிக்காவும் இதே முடிச்சில் சிக்கியது. விடுதிகளில் நிறபேதம் காட்டுவதை விலக்கிய 1875ஆம் ஆண்டுச் சட்டத்தை, அரசியலமைப்பின் 14ஆம் திருத்தம் மாநில அரசுகளைத்தான் கட்டுப்படுத்தும் என்று கூறி அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1883இல் செல்லாததாக்கிற்று. உணவுச்சாலைக் கதவு சட்டப்படி எல்லோருக்கும் திறக்க 1964ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது. எண்பத்தொரு ஆண்டுகள்! ஆண்டுகளை மனனம் செய்யும் மாணவருக்கு இந்த இடைவெளியின் காரணம் புரிந்தால் போதும்.

இனி, செய்முறை. அரசாங்க அலுவலகத்தில் ஒருவருக்கு அநீதி நேர்ந்ததாகக் கொண்டு, அந்த நாளைக் கரும்பலகையில் எழுதுங்கள். மனுச் செய்ய ஒரு மாதமே தவணை. எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். "வாப்பா தீவில் மீன்வாடிக்குப் போனால் திரும்பி வர அதற்கு மேலாகுமே" என்று கற்பிட்டிப் பிள்ளை ஒருவன் சொல்லக்கூடும். நியாயமான தடை. 1996ஆம் ஆண்டின் மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டத்தை அப்போது விரிக்கலாம். அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் தவணையிற் சேராது. பாதிக்கப்பட்டவரின் சார்பில் வேறொருவரும் முறையிடலாம். வீட்டில் இருக்கும் மகன், கடலிலிருக்கும் தந்தைக்காக அந்த முறைப்பாட்டைத் தமிழில் எழுதிப் பார்ப்பதே அடுத்த பாடவேளைக்கான வேலை.