அந்நியர் சட்டமும் புதுவை நகரமும்



பிற தேசத்தார் நம் நாட்டுக்குள் பிரவேசிப்பதையும், இங்கே தங்குவதையும், திரும்பிச் செல்வதையும் ஒழுங்குபடுத்தும் சட்டம் என்றால், அது விமான நிலையத்து அதிகாரிக்கும் கடல் கடந்து வரும் யாத்திரிகருக்கும் இடையே நடக்கும் விவகாரம் என்றுதான் நம்மில் பெரும்பாலோர் கருதுகிறோம். புதுச்சேரியில் பிறந்து வளர்ந்தவர்கள் அப்படிக் கருதிவிட்டுச் சும்மா இருக்க இயலாது. இந்நகரில் அந்தச் சட்டம் வீதியைக் கடந்து வீட்டுக்குள்ளேயே வந்து, ஒரு வயிற்றுப் பிள்ளைகளில் ஒருவரை இந்தியப் பிரஜை என்றும் மற்றவரை வெளிநாட்டவர் என்றும் பிரித்து வைத்திருக்கிறது.

முதலில் பழைய கதை ஒன்றைச் சொல்லவேண்டும். பிரிட்டிஷ் சர்க்காரின் அடக்குமுறையிலிருந்து தப்பி 1908-ல் சுப்பிரமணிய பாரதியாரும், 1910-ல் அரவிந்தரும் வ.வெ.சு. ஐயரும் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுவைக்கு வந்து சேர்ந்தார்கள். எட்டயபுரத்தில் பிறந்து, தமிழிலேயே பேசிப் பாடிய ஒரு கவிஞர், தமிழ் பேசும் மக்கள் நிறைந்த புதுவையில், சட்டத்தின் கண்ணுக்கு அந்நியராகவே தென்பட்டார். இவர்களை எப்படியாவது பிரெஞ்சு எல்லையை விட்டு வெளியேற்றிவிட வேண்டும் என்று பிரிட்டிஷார் ஓயாது நெருக்கிவந்த அந்த நாட்களில், வெளியிலிருந்து வந்து குடியிருப்போர் தம் சொந்த ஊர் அதிகாரியிடமிருந்து நன்னடத்தைப் பத்திரம் கொண்டுவர வேண்டும், இல்லையேல் உள்ளூரில் அந்தஸ்துள்ள ஐந்து பேருடைய கையெழுத்தையாவது காட்டவேண்டும் என்று இங்கே ஒரு விதி பிறந்தது. எந்தச் சர்க்காருக்கு அஞ்சி ஓடிவந்தார்களோ அந்தச் சர்க்காரின் அதிகாரியிடமே போய் நற்சாட்சி கேட்பது எங்ஙனம்? அப்போது அரவிந்தருக்குத் தம் வீட்டில் முதலில் இடம் கொடுத்த சங்கர செட்டியார் முன்வந்து, தாமும் கையொப்பமிட்டு, மற்ற பிரமுகர்களின் கையொப்பங்களையும் பெற்றுத் தந்தார். தெருமுனைதோறும் பிரிட்டிஷ் ஒற்றர்கள் நின்று யார் வீட்டுக்கு யார் போகிறார்கள் என்று குறித்துக்கொண்டிருந்த காலத்தில், குடும்பமும் வியாபாரமும் உடைய மனிதர்கள் இவர்களுக்காகப் பெயர் எழுதிக் கொடுத்ததை நான் சாமானியமான காரியமாக எண்ணவில்லை. அந்த ஐந்து கையெழுத்துகள் இல்லாதிருந்தால் தமிழிலக்கியத்தின் அந்தப் பத்தாண்டு வேறுவிதமாகப் போயிருக்கும்.

இதே நிலை மறுபுறத்திலும் இருந்தது. 1918 நவம்பரில் பாரதியார் புதுவையை விட்டுப் புறப்பட்டு எல்லையைத் தாண்டியதும் பிரிட்டிஷ் போலீசார் அவரைக் கைது செய்து கடலூர்ச் சிறையில் வைத்தார்கள். டிசம்பர் மாதம் நிபந்தனைகளுடன் விடுதலையாகும் வரையில், தாம் பிறந்த தேசத்துக்குள் பிரவேசித்ததே அவருக்குக் குற்றமாயிற்று.

பின்னர் காலம் மாறியது. 1954 அக்டோபர் 18 அன்று புதுவையை அடுத்த கீழூரில் கூடிய 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவுடன் இணைவதற்கு ஆதரவளிக்க, நவம்பர் முதல் தேதியன்று நிர்வாகம் கைமாறியது. ஆயினும் சட்டபூர்வமான இணைப்பு, 1956-ல் கையெழுத்தான ஒப்பந்தம் பிரெஞ்சுப் பாராளுமன்றத்தில் நிறைவேறிய பிறகு, 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் பூர்த்தியாயிற்று. இந்தத் தேதியை நேயர்கள் நினைவில் வைக்கவேண்டும். இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்த பிரெஞ்சுப் பிரஜைகள் அனைவரும் அன்றைய தினம் இந்தியப் பிரஜைகள் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையையே வைத்துக்கொள்ள விரும்புவோர் மட்டும் ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கவேண்டும் என்று ஒப்பந்தத்தின் ஐந்தாவது ஷரத்து கூறிற்று.

ஆறே மாதம்! சைகோனிலும் ஆப்பிரிக்காவிலும் பிரெஞ்சுப் பட்டாளத்தில் உழைத்து, பென்ஷனோடு ஊர் திரும்பிய 'சொல்தா' குடும்பங்கள் எத்தனையோ இந்நகரில் உண்டு. பென்ஷன் நின்றுபோகுமோ என்ற அச்சம், பிள்ளைகளின் படிப்பையும் உத்தியோகத்தையும் பற்றிய கவலை, பாரிஸில் இருக்கும் தம்பியோடு தொடர்பு அறுந்துவிடக்கூடாதே என்ற பாசம் இவையெல்லாம் சேர்ந்து அவர்களைக் கையெழுத்திட வைத்தன. விவாகமாகாத இளம் பிள்ளைகளின் குடியுரிமையைத் தகப்பனாரின் கையெழுத்தே தீர்மானித்தது. இவர்களைத் தேசப்பற்றில்லாதவர்கள் என்று சிலர் இன்றும் பேசக் கேட்கிறோம். அது நியாயமான பேச்சன்று. சட்டமே வழங்கிய உரிமையைச் சட்டப்படி உபயோகித்தவர்கள் அவர்கள்.

ஆனால் அந்தக் கையெழுத்துக்குப் பிறகு நேர்ந்தது என்ன? பாட்டன் கட்டிய வீட்டில், பிறந்த அறையிலேயே படுத்துறங்கும் ஒருவர், இந்தியச் சட்டத்தின்படி வெளிநாட்டவர் ஆனார். அவருடைய ஜனனப் பதிவு பிரெஞ்சு மொழியில் 'மேரி' என்று நாம் வழங்கும் நகரமன்றத்துப் புத்தகத்தில் இருந்தாலும், அயல்நாட்டிலிருந்து வந்தவருக்கு உரிய பதிவுக் கடமைகள் அவருக்கும் உரியவையாயின.

வெளிநாட்டவரைக் கட்டுப்படுத்தும் இச்சட்டங்கள் எப்படிப் பிறந்தவை என்பதையும் கவனிக்கவேண்டும். பாஸ்போர்ட் பிரவேசச் சட்டம் முதல் உலக யுத்தம் முடிந்ததும் 1920-ல் வந்தது. வெளிநாட்டவர் பதிவுச் சட்டம் இரண்டாவது யுத்தம் மூண்ட 1939-ல் வந்தது. வெளிநாட்டவர் சட்டமோ அந்த யுத்தம் ஓய்ந்த அடுத்த ஆண்டாகிய 1946-ல் இயற்றப்பட்டது. யுத்தத்தின் சந்தேகக் கண் அவற்றில் ஊன்றியிருப்பது இயல்பே. சாதாரணக் குற்ற வழக்கில் குற்றத்தை நிரூபிப்பது சர்க்காரின் பொறுப்பு. 1946-ஆம் ஆண்டுச் சட்டத்திலோ, தாம் வெளிநாட்டவர் அல்லர் என்று நிரூபிக்கும் பாரம் சம்பந்தப்பட்ட மனிதரின் தலையில் வைக்கப்பட்டது. 1955-ல் ஹான்ஸ் முல்லர் என்ற ஜெர்மானியரின் வழக்கில், வெளிநாட்டவரை வெளியேற்றும் சர்க்காரின் அதிகாரம் வரம்பற்றது என்று சுப்ரீம் கோர்ட்டு கூறியது. 1937 முதல் இந்நாட்டில் ஊழியம் செய்துவந்த பெல்ஜியப் பாதிரியார் லூயி தெ ரேட் தொடுத்த வழக்கில், உயிருக்கும் சுதந்திரத்துக்கும் உரிய பாதுகாப்பு வெளிநாட்டவருக்கும் உண்டு, ஆனால் இங்கே குடியமரும் உரிமை அவருக்கு இல்லை என்று 1991-ல் தீர்ப்பாயிற்று.

இப்பொழுது அந்த மூன்று சட்டங்களையும், பயணிகளை ஏற்றிவருவோரின் பொறுப்பைக் கூறும் 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் நீக்கிவிட்டு, 2025-ஆம் ஆண்டின் குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டம் அவ்வாண்டு செப்டம்பர் முதல் தேதியிலிருந்து அமலுக்கு வந்திருக்கிறது. செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டும் விசாவும் இன்றி நுழைந்தால் ஐந்தாண்டு வரை சிறையும் 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும், அநுமதித்த காலத்துக்கு மேல் தங்கினால் மூன்றாண்டு வரை சிறையும் 3 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். சிதறிக் கிடந்தவற்றை ஒன்றாகத் தொகுத்ததும், போலிப் பத்திரக்காரர்களுக்குக் கடுந்தண்டனை வைத்ததும் வரவேற்கத்தக்கவை. நிரூபிக்கும் பாரத்தை மட்டும் பழைய இடத்திலேயே விட்டுவிட்டார்கள். காகிதம் கைவசமில்லாத ஏழைக்கு அது தாங்கமுடியாத பாரம் என்பதே என் உறுதியான அபிப்பிராயம்.

நம் ஊரில் இச்சட்டத்தால் நேரே பாதிக்கப்படுகிறவர்கள் விடுதி நடத்துவோரும், வீட்டு மாடியை வாடகைக்கு விடுவோருமே. வெளிநாட்டவர் வந்து தங்கினால் முன்பு 'சி ஃபாரம்' என்று அழைக்கப்பட்ட படிவத்தில் அவருடைய பெயர், தேசம், பாஸ்போர்ட் எண், விசா எண், எங்கிருந்து வந்தார், அடுத்து எங்கே போகிறார் என்பவற்றை எழுதி 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்குத் தெரிவிக்கவேண்டும். துய்மா வீதியில் பெரிய ஓட்டல் வைத்திருப்பவருக்கு உள்ள அதே கடமை, பாரிஸிலிருந்து வரும் ஒருவருக்கு இரண்டு அறையை வாடகைக்கு விடும் விதவைத் தாய்க்கும் உண்டு. அவர் அதை அறியாமலிருப்பதுதான் அபாயம்.

பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற நம் குடும்பங்களுக்கு 2005 முதல் வழங்கப்படும் ஓ.சி.ஐ. என்ற கடல்கடந்த இந்தியக் குடிமகன் அட்டை பெரிய நிவாரணம். வோட்டுரிமையும் விவசாய நிலம் வாங்கும் உரிமையும் அதில் இல்லையென்றாலும், ஆயுள் முழுவதும் வந்துபோகலாம். எத்தனை நாள் தங்கினாலும் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதியவேண்டியதில்லை.

ஆகையால் நேயர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் 1962-ஆம் ஆண்டுப் பத்திரங்களும், மேரியில் எடுத்த ஜனனப் பதிவின் நகலும், பாட்டனாரின் பென்ஷன் புத்தகமும் இருந்தால் அவற்றைப் பரணில் செல்லரிக்க விடாமல் எடுத்து நகல் செய்து வையுங்கள். தகுதியுள்ளவர்கள் ஓ.சி.ஐ. அட்டைக்குத் தாமதியாமல் விண்ணப்பியுங்கள். பதிவு அலுவலகத்தின் மேஜைக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் அதிகாரிகளையும் கேட்டுக்கொள்கிறேன்: உங்கள் முன்னே கோப்போடு நிற்கும் முதியவர் விசா வாங்கிக்கொண்டு வந்த விருந்தாளி அல்லர், இந்த ஊரில் பிறந்தவர். அவருக்கு முதலில் ஒரு நாற்காலி கொடுங்கள். பிறகு பத்திரங்களைக் கேளுங்கள்.