ஊரா, சேரியா? சிறுவனை எந்தச் சமூகத்திடம் ஒப்படைப்பது?



குற்றம் சாட்டப்பட்ட சிறுவனை அடைத்துவைத்துத் திருத்துவதா, வெளியே வாழவிட்டுத் திருத்துவதா? இந்த நினைவுச் சொற்பொழிவில் நாம் பேச எடுத்துக்கொண்ட கேள்வி இது. சட்டம் இதற்கு விடை சொல்லிவிட்டது. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், இல்லத்தில் அடைப்பதைக் கடைசி வழி என்கிறது. 18ஆம் பிரிவில் கண்டிப்பு, குழு ஆலோசனை, சமூக சேவை, அபராதம், நன்னடத்தையின் பேரில் பெற்றோரிடம் ஒப்படைத்தல் ஆகியவை முதலில் வருகின்றன. அதிகபட்சம் 3 ஆண்டு சிறப்பு இல்லம் என்பது அவற்றுக்குப் பிறகுதான்.

நடைமுறை எப்படி இருக்கிறது? பேட்டரி திருடியதாகப் பிடிக்கப்பட்ட 17 வயதுச் சிறுவன் ஒருவன், 2022 டிசம்பர் இறுதியில் செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் வைக்கப்பட்டிருந்தபோது இறந்தான். இல்லப் பணியாளர்கள் கைதானார்கள். அதன் பிறகே நீதிபதி சந்துருவின் ஒருநபர் குழு அமைக்கப்பட்டது. 12ஆம் பிரிவின்படி சிறுவனுக்கு ஜாமீன் தருவதே விதி. பிணையாள் இல்லாமலும் விடலாம். அதை எடுத்துச் சொல்லக் கூலிவேலைக்குப் போகும் தாய்க்கு யார் துணை?

பிள்ளையைப் பிரித்தால் திருந்துவான் என்ற எண்ணம் பழையது. 1871இல் பிறந்து, 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம், பிறப்பையே குற்றமாக்கியது. பெற்றோரிடமிருந்து பிள்ளைகளைப் பிரிக்கவும் வழிசெய்தது. சட்டம் போனது, பார்வை போகவில்லை. நன்னடத்தை அலுவலரின் அறிக்கையில் 'குடியிருக்கும் சூழல் சரியில்லை' என்று ஒரு வரி விழுந்தால், ஜாமீன் மறுக்க அதுவே காரணமாகலாம். சேரி என்பதே கெட்ட சூழலா என்று நாம் கேட்க வேண்டும்.

ஆகவே, சமூகத்தோடு வைத்துத் திருத்தும் வழியையே நாம் ஆதரிக்கிறோம். ஆனால் எந்தச் சமூகம்? நம் பேச்சில் 'சமூகம்' என்றால் சாதி என்றும் பொருள். ஊர்ப் பஞ்சாயத்தில் காலில் விழவைத்து அபராதம் வாங்குவதைச் சமூகத் தீர்வு என்று எவரும் சொன்னால் ஏற்க மாட்டோம். சமூக சேவை என்று சேரிப் பிள்ளையின் கையில் துடைப்பத்தைக் கொடுத்துக் கழிப்பறை கழுவச் சொன்னால், அவன் பாட்டன் மீது சுமத்தப்பட்ட வேலையையே நீதியின் பெயரால் அவன் மீதும் சுமத்துகிறார்கள். சமூக சேவை இழிவுபடுத்துவதாக இருக்கக் கூடாது. எது இழிவு என்பதை நாம்தான் இளைஞர் நீதிக் குழுமத்திடம் சொல்ல வேண்டும். நூலகத்தில் உதவலாம், முதியோருக்குத் துணையிருக்கலாம்.

எதிர்ப்போடு நின்றுவிட்டால் போதாது. பெற்றோரால் பார்த்துக்கொள்ள முடியாதபோது, தகுதியுள்ள நபரிடம் சிறுவனை ஒப்படைக்கச் சட்டம் இடம் தருகிறது. இரவுப் பாடசாலை நடத்தும் தோழர்கள் அந்தப் பொறுப்பை ஏற்க முன்வரட்டும். சட்ட மாணவர்கள் 12ஆம் பிரிவைக் குடியிருப்புதோறும் சொல்லிக்கொடுக்கட்டும். பிள்ளை பிடிபட்ட அன்றே, அந்தத் தாயோடு குழுமத்தின் வாசலுக்குப் போக நம்மில் இருவராவது தயாராக இருக்க வேண்டும்.