வைத்தியர் எழுதிய வேடிக்கைக் கதைகள்

1890ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், தூரகிழக்கிலிருந்து தாய்நாடு திரும்பிக்கொண்டிருந்த ருஷ்யக் கப்பலொன்று கொழும்புத் துறைமுகத்தை அடைந்தது. கரையிறங்கிய பயணிகளுள் முப்பது வயதுடைய வைத்தியர் ஒருவரும் இருந்தார். ருஷ்யாவின் கீழைக் கோடியிலுள்ள சகலின் தீவில் ஆயிரக்கணக்கான கைதிகளைக் கண்டு, அவர்கள் படும் அல்லலைப் பதிவு செய்துவிட்டு மீண்டுகொண்டிருந்தார் அவர். சகலினை நரகமென்று எண்ணிய அவருக்கு இலங்கை சுவர்க்கமாகத் தோன்றிற்று. புகையிரதமேறிக் கண்டிக்குச் சென்றார். பனையையும் தென்னையையும் கண்டு களித்தார். கீரிப்பிள்ளைகளை விலைக்கு வாங்கிக்கொண்டு கப்பலேறினார். வாங்கியவற்றுள் ஒன்று கீரியன்று, மரநாய் என்பது பின்னரே தெரிய வந்தது. அவருடைய கதைகளுள் ஒன்றில் வேறு யாருக்கோ நிகழ்ந்திருக்க வேண்டிய காரியம் அவருக்கே நிகழ்ந்துவிட்டது.

அந்த வைத்தியர் அன்ரன் செக்கோவ். உலகம் இன்று அவரைச் சோகம் தோய்ந்த நாடகங்களின் ஆசிரியராகவே பெரிதும் அறியும். ஆனால் அவர் எழுத்துலகிற் புகுந்தது வேடிக்கைக் கதைகளின் வாயிலாகத்தான். நோயாளியின் நாடியைப் பிடித்த கையே ஊர் சிரிக்கும் கதைகளையும் எழுதிற்று. அக்கதைகள் படித்தவர்களுக்கு மகிழ்ச்சி அளித்தன என்பது வெளிப்படை. எழுதியவருக்கு அவை என்ன செய்தன என்பதே ஆராயத் தக்கது.

அசோவ் கடற்கரையிலுள்ள தகன்ரோக் நகரில் 1860இற் பிறந்தவர் செக்கோவ். அவருடைய பாட்டனார் நிலப்பிரபுவுக்கு உரிய பண்ணையடிமை. பாடுபட்டுச் சேர்த்த பணத்தைக் கொடுத்து 1841இற் குடும்பத்தோடு விடுதலை பெற்றவர். தந்தையார் மளிகைக் கடை வைத்திருந்தார். பக்தி மிக்கவர், பிரம்பிலும் அவருக்கு நம்பிக்கை மிகுதி. பிள்ளைகள் விடியுமுன் எழுந்து தேவாலயத்திற் பாட வேண்டும், பள்ளி விட்டதும் குளிரில் விறைத்தபடி கடையைக் காக்க வேண்டும், தவறினால் அடி. ஒருநாள் எண்ணெய்ப் பீப்பாவில் எலியொன்று விழுந்து இறந்து கிடந்தது. தந்தையார் எண்ணெயைக் கொட்டிவிடவில்லை. குருவானவரை வரவழைத்து, ஊரார் முன்னிலையிற் சடங்கு செய்வித்து, அதைப் புனிதமாக்கினார். எலி விழுந்த செய்தியை அதுவரை அறியாதிருந்தவர்களும் அதன் பின் அறிந்துகொண்டார்கள், வியாபாரம் படுத்துவிட்டது. குடும்பத்தார் எழுதிய நினைவுக் குறிப்புகளில் இச்சம்பவம் காணப்படுகிறது. அழவும் சிரிக்கவும் ஒருங்கே இடந்தரும் இத்தகைய வீட்டிலேதான் அவர் வளர்ந்தார்.

1876இற் கடை முறிந்தது. கடன்காரருக்கு அஞ்சித் தந்தையார் மொஸ்கோவுக்கு ஓடினார், குடும்பமும் பின்தொடர்ந்தது. பதினாறு வயதுச் சிறுவன் மட்டும் படிப்பை முடிப்பதற்காகத் தகன்ரோக்கில் தனித்து விடப்பட்டான். பிறர் பிள்ளைகளுக்குப் பாடஞ்சொல்லிப் பிழைத்தான். எஞ்சிய தட்டுமுட்டுகளை விற்று மொஸ்கோவுக்குப் பணம் அனுப்பினான். பணத்தோடு பகிடி நிறைந்த கடிதங்களும் சென்றன. ரொட்டிக்கும் விளக்குக்கும் ஓரிரு காசே கையிலிருக்கும் வேளையில் மகன் பகிடி எழுதி அனுப்புகிறானே என்று தாயார் மனம் நொந்து பதில் எழுதினார்.

அத்தாயின் நோவு நியாயமானது. பசித்த வீட்டுக்குப் பகிடி உணவாகாது. ஆயினும் அந்தச் சிறுவனின் நிலையையும் நோக்குதல் வேண்டும். தான் தனிமையில் வாடுவதாக அவன் எழுதியிருந்தால் தாயின் துயர் இரட்டித்திருக்கும். சிரிப்பு அவனுக்கு ஊன்றுகோலாயிருந்தது. துன்பம் வரும்போது நகைக்கச் சொன்ன வள்ளுவரின் அறிவுரையை அறியாமலே அதன்படி ஒழுகினான் அவன்.

1879இல் மொஸ்கோ சென்று பல்கலைக்கழகத்தில் வைத்தியம் பயிலத் தொடங்கினார் செக்கோவ். அடுத்த ஆண்டிலேயே நகைச்சுவைச் சஞ்சிகையொன்று அவருடைய எழுத்தை வெளியிட்டது. வரிக்கு 5 கொபெக் கூலி. நூறு கொபெக் சேர்ந்தால் ஒரு ரூபிள். 1882 முதல் 'அஸ்கோல்கி' என்னும் வாரச் சஞ்சிகை வரிக்கு 8 கொபெக் கொடுத்தது. தாயாரை வருத்திய பகிடி இப்போது அவர் மேசைக்கு ரொட்டியாக வந்தது. பெற்றோரையும் தம்பி தங்கையரையும் தாங்கும் பொறுப்பு மூன்றாம் மகனான அவர் தோள்மீது இருந்தது.

எழுதுவதற்கு அமைதியான அறை கிடைத்ததோ எனில், அதுவும் இல்லை. 1883இற் சஞ்சிகை ஆசிரியருக்கு எழுதிய கடிதமொன்றில் அவர் தம் வீட்டு நிலையை விவரிக்கிறார். ஓர் அறையில் விருந்தாக வந்த உறவினரின் குழந்தை வீரிடுகிறது. மற்றோர் அறையில் தந்தையார் தாயாருக்குக் கதை வாசித்துக் காட்டுகிறார். யாரோ இசைப்பெட்டியை முடுக்கிவிட்டிருக்கிறார்கள். இவற்றுக்கிடையே படிக்க வேண்டிய வைத்திய நூல்கள் மனச்சாட்சியைக் குத்துகின்றன. இந்த அமளியில் எழுதப்பட்ட கதை ஏறக்குறைய நூறு வரிக்குள் முடிந்துவிடவும் வேண்டும். அதற்கு மேல் ஆசிரியர் இடங்கொடார். இக்கட்டுப்பாடு இளம் எழுத்தாளருக்கு நன்மையே செய்தது. வருணனைக்கு இடமில்லை, உபதேசத்துக்கு நேரமில்லை. நோயாளியின் குறிகளைச் சுருக்கமாகக் குறித்துவைக்கப் பழகிய வைத்திய மாணவர், மனிதரின் குறிகளையும் அவ்வாறே குறித்தார்.

அக்கதைகளுள் 1883இல் எழுதிய 'இலிகிதர் ஒருவரின் மரணம்' புகழ் பெற்றது. நாடகக் கொட்டகையில் அமர்ந்திருந்த இலிகிதர் ஒருவர் தும்மிவிடுகிறார். முன்வரிசையிலிருந்த பெரியவர் தம் தலையைத் துடைத்துக்கொள்கிறார். அவரோ வேறொரு திணைக்களத்தின் உயர் அதிகாரி. இலிகிதர் மன்னிப்புக் கேட்கிறார். அதிகாரி பாதகமில்லை என்கிறார். இடைவேளையில் மீண்டும் கேட்கிறார். மறுநாள் அலுவலகத்துக்கே சென்று கேட்கிறார். அதற்கு மறுநாளும் போகிறார். பொறுமையிழந்த அதிகாரி வெளியே போகும்படி கத்துகிறார். இலிகிதர் வீட்டுக்கு வந்து, உத்தியோக உடையைக் கழற்றாமலே சாய்ந்து படுத்து, உயிரை விடுகிறார்.

அதே ஆண்டில் வந்த 'பருத்தவரும் மெலிந்தவரும்' என்ற கதையில், பள்ளித் தோழர் இருவர் புகையிரத நிலையத்திற் பல்லாண்டுகளுக்குப் பின் சந்திக்கின்றனர். கட்டித் தழுவிக் களிக்கின்றனர். பருத்தவர் தம்மினும் மிக உயர்ந்த பதவியில் இருப்பதைக் கேட்ட மாத்திரத்தில் மெலிந்தவரின் உடல் கூனிக் குறுகுகிறது. பேச்சு 'மேன்மை தங்கிய' என்று மாறுகிறது. அவருடைய பெட்டிகளும் பொட்டலங்களுங்கூடச் சுருங்கிவிட்டனவாம். பருத்தவர் அருவருப்போடு முகத்தைத் திருப்பிக்கொண்டு விடைபெறுகிறார்.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையையே முதலில் வைத்தார். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கிலிருந்து அது பிறக்கும் என்றார். மடன் என்பது ஒன்றைப் பற்றிக்கொண்டபின் அதை விடாதிருத்தல் என்று உரைகாரர் விளக்குவர். தும்மிய இலிகிதரின் நிலை இதுவேயன்றோ! மன்னிப்பைப் பற்றிக்கொண்டார், மன்னிப்புக் கிடைத்த பின்னரும் விடவில்லை. ஆனால் செக்கோவின் நகை வெறும் எள்ளலோடு நின்றுவிடுவதில்லை. அந்த இலிகிதரைக் கொன்றது தும்மலன்று, அதிகாரியுமன்று. உள்ளத்தில் ஊறியிருந்த அடிமைப் புத்தியே அவரைக் கொன்றது.

எழுதியவர் அடைந்த நலம் இங்கேதான் புலப்படுகிறது. 1889இல் தம் நண்பரும் பதிப்பாசிரியருமான சுவோரினுக்கு எழுதிய கடிதத்தில், கதையொன்றுக்குரிய கருவைச் செக்கோவ் கூறுகிறார். பண்ணையடிமையின் வழிவந்த இளைஞன், கடைப்பையன், பலமுறை அடிபட்டவன், பெரியவர்களின் பதவிக்குத் தலைவணங்கவும் பிறர் கருத்தைத் தொழவும் பழக்கப்பட்டவன். அவன் தன்னுள் இருக்கும் அடிமையைத் துளித்துளியாகப் பிழிந்து வெளியேற்றி, ஒரு காலையில் தன் நாளங்களில் மனித இரத்தமே ஓடுவதை உணர்கிறான். இந்த இளைஞன் யார் என்பது சொல்லாமலே விளங்கும். கூனிக் குறுகும் மெலிந்தவரையும் நடுங்கிச் சாகும் இலிகிதரையும் படைத்தவர், அவர்களைத் தம்முள்ளேயே கண்டிருக்கிறார். ஒவ்வொரு கதையிலும் தம் அச்சத்தின் ஒரு துளியைப் பிழிந்தெடுத்துச் சிரிப்பாக்கினார். காசுக்காக அவசரமாய் எழுதிய கதைகள் அவருக்கே மருந்தாகவும் அமைந்தன.

நகைச்சுவை எழுதுவோர் பிறரைச் சிரிப்பதோடு நின்றுவிட்டால் இப்பயனை அடைதல் அரிது. செக்கோவ் தம் தொழிலையும் விட்டுவைக்கவில்லை. 1884இல் வைத்தியப் படிப்பு முடிந்த காலத்தில் நாட்டுப்புற வைத்தியசாலையிற் பணியாற்றினார். அவ்வாண்டிலேயே 'சத்திர சிகிச்சை' என்னும் கதையை வெளியிட்டார். பல்வலியோடு வந்த தேவாலயப் பணியாளரிடம் வைத்திய உதவியாளர் தம் திறமையைப் பற்றி அளக்கிறார், குறட்டைப் பற்றி இழுக்கிறார், பல் வரவில்லை, மீண்டும் இழுக்கப் பல் முறிந்துவிடுகிறது. சற்று முன்வரை ஒருவரையொருவர் புகழ்ந்த இருவரும் இப்போது ஏசிக்கொள்கின்றனர்.

அடுத்த ஆண்டில் எழுதிய 'குதிரைப் பெயர்' என்னும் கதையிலும் பல்வலியே பேசப்படுகிறது. ஓய்வு பெற்ற படைத்தலைவர் ஒருவருக்குப் பொறுக்க முடியாத பல்வலி. மந்திரித்து வலியைப் போக்கும் ஒருவர் தூர நகரில் இருக்கிறார், தந்தியடித்தாற் போதும் என்கிறார் அவருடைய காரியஸ்தர். ஆனால் அவருடைய குடும்பப் பெயர் மறந்துபோயிற்று. குதிரையோடு தொடர்புடைய பெயர் என்பது மட்டுமே நினைவில் நிற்கிறது. வீட்டார் அனைவரும் குதிரை, குட்டி, பிடரிமயிர், கடிவாளம் என்று பெயர்களைத் தேடி அலைகின்றனர். நெஞ்சு வெடிக்கும்போலிருந்த படைத்தலைவர் மறுநாள் வைத்தியரை அழைப்பித்துப் பல்லைப் பிடுங்குவித்துக்கொள்கிறார். வைத்தியர் திரும்பும் வழியில், தம் குதிரைக்குத் தீனியாக ஓட்ஸ் கிடைக்குமா என்று காரியஸ்தரைக் கேட்கிறார். உடனே நினைவு வந்துவிடுகிறது! ஓட்ஸ் என்பதிலிருந்து வந்த பெயர் அது. மூச்சிரைக்க ஓடிவந்து கூறும் காரியஸ்தருக்குக் கிடைக்கும் மரியாதை எத்தகையது என்பதை எளிதில் ஊகிக்கலாம்.

இக்கதையைப் படிப்பவருக்குப் பல்வலி இருந்தால் அது தீரப்போவதில்லை. எனினும், வலி எந்தப் பெரிய மனிதரையும் எவ்வளவு சிறு பிள்ளையாக்கிவிடுகிறது என்பதைக் கண்டு, தம் வலியைச் சற்று எட்ட நின்று பார்க்கும் ஆற்றலைப் பெறலாம்.

1886இல் முதிய எழுத்தாளரான கிரிகொரோவிச் செக்கோவுக்குக் கடிதமெழுதி, தம் ஆற்றலை மதித்து நிதானமாக எழுதும்படி வேண்டினார். எந்தக் கதைக்கும் ஒருநாளுக்கு மேற் செலவிட்டதில்லை என்று நாணத்தோடு ஒப்புக்கொண்டார் செக்கோவ். அதுவரை 'அந்தோஷா செக்கொன்தே' என்றும் 'மண்ணீரல் இல்லாத மனிதன்' என்றும் புனைபெயர்களில் ஒளிந்திருந்தவர், அவ்வாண்டு முதல் சொந்தப் பெயரிலும் எழுதலானார். 1888இல் புஷ்கின் பரிசு கிடைத்தது. கதைகளில் துயரத்தின் நிழல் படரத் தொடங்கிற்று. ஆனால் நகை அவரை விட்டு நீங்கவில்லை. இறுதி நாடகமாகிய 'செரித் தோட்டம்' ஒரு நகை நாடகமே என்று கடைசிவரை வாதித்தார்.

வைத்தியராகிய அவர் தம் நோயைக் குறித்து என்ன செய்தார் என்பது துயரமான வினா. 1884 டிசம்பரில், 24 வயதிலேயே, இருமலில் இரத்தம் வந்தது. கயரோகம் அன்று என்று தம்மையும் பிறரையும் தேற்றி வந்தார். 1889இல் தமையன் நிக்கொலாய் அந்நோயால் இறந்தார். 1892இல் வாந்திபேதி பரவியபோது, தம் உடல்நிலையைப் பாராமல் 25 கிராமங்களைப் பொறுப்பேற்று ஊதியமின்றிப் பணி புரிந்தார். 1897இற் பெருமளவு இரத்தம் கக்கி வைத்தியசாலையிற் கிடந்தபோதுதான் பிற வைத்தியரின் முடிவை ஏற்க நேர்ந்தது. 1904 ஜூலையில், ஜெர்மனியின் பாடன்வைலர் நகரில், 44 வயதிற் காலமானார். அவருடைய உடல் சிப்பியுணவு ஏற்றும் குளிர்பதன வண்டியில் ருஷ்யாவுக்குக் கொண்டுவரப்பட்டது. நண்பர் கோர்க்கி இதைக் கண்டு கொதித்தார்.

ஆகவே, சிரிப்பு சகல நோய்க்கும் சஞ்சீவி என்று கூறுதல் செக்கோவின் வாழ்வுக்குப் பொருந்தாது. அவருடைய நுரையீரலை எந்தக் கதையும் குணமாக்கவில்லை. ஒருவேளை, நகைத்துத் தள்ளிவிடும் பழக்கமே தம் நோயை உரிய காலத்திற் கவனிக்கவிடாமற் செய்ததோ என்றும் ஐயுற இடமுண்டு. ஆனால் அடிபட்ட கடைப்பையனின் உள்ளத்திலிருந்த புண்ணை அக்கதைகள் ஆற்றின. அப்புண் ஆறியிராவிட்டால், சகலின் கைதிகளைத் தேடிச் சென்று நிகராக உட்கார்ந்து பேசும் மனிதர் உருவாகியிருப்பாரா?

கொழும்பிலிருந்து கப்பலேறியபோது அவர் கையில் ஒரு கதையும் உருவாகிக்கொண்டிருந்தது. 'கூசெவ்' என்ற அக்கதை, கயரோகத்தால் கப்பலிலேயே உயிர்விடும் எளிய சிப்பாயொருவனைப் பற்றியது. அப்பயணத்திற் கடலுக்கு ஒப்புவிக்கப்பட்ட உடல்களைக் கண்ட மனிதர், தாமும் அதே நோயைச் சுமந்தவர், அதை எழுதினார். அதே கப்பலில், அதே நாட்களில், கீரிப்பிள்ளைகளின் குறும்பைக் கண்டு சிரித்துக்கொண்டும் இருந்தார்.