மர்மக் கதையும் மறுவாசிப்பும்: எலியட் என்னும் வாசகர்

துப்பறியும் நாவலை இரண்டாம் முறை படிப்பவர் உண்டா? இல்லை என்பதே ஆங்கிலக் கவிஞர் டபிள்யூ. எச். ஆடனின் விடை. இவ்வகை நாவல்கள் தமக்குப் புகையிலை, மது போன்றதொரு பழக்கம் என்று 1948இல் எழுதிய கட்டுரை ஒன்றில் அவர் ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொண்டார். கையில் எடுத்தால் முடிக்காமல் வைக்க இயலாது. முடித்தவுடன் கதை மறந்துவிடும். மீண்டும் படிக்கும் விருப்பம் எழாது. ஆகவே இவற்றுக்கும் கலைக்கும் தொடர்பில்லை என்பது அவர் முடிவு. அதற்கு மூன்றாண்டுகள் முன்னர், 1945இல், அமெரிக்கத் திறனாய்வாளர் எட்மண்ட் வில்சன் இன்னும் கடுமையாகப் பேசியிருந்தார். அகதா கிறிஸ்டியின் நாவலில் ரோஜர் ஆக்ராய்டைக் கொன்றவர் யாராக இருந்தால் யாருக்கு என்ன என்பதே அவருடைய கட்டுரைத் தலைப்பின் பொருள்.

இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. குற்றவாளியின் பெயர் தெரிந்தவுடன் வெறுங்கூடாகிவிடும் நூல்களே இத்துறையில் மிகுதி. ஆயினும் விடை தெரிந்த கதைகளிடம் மீண்டும் மீண்டும் திரும்பிச் சென்ற கவிஞர் ஒருவர் அதே காலத்தில் இலண்டனில் வாழ்ந்தார். அவர்தாம் டி. எஸ். எலியட். 'பாழ்நிலம்' பாடியவர், மரபைப் பற்றிக் கறாராகப் பேசியவர் என்றே அவர் கவிஞர்கள் நடுவே அறியப்பட்டிருக்கிறார். மர்ம நாவல்களை அடுக்கி வைத்துக்கொண்டு படித்த எலியட்டும் அவரேதாம். அந்தப் படிப்பு அவருடைய நாடகங்களுக்குள்ளும் கவிதைக்குள்ளும் எவ்வாறு சென்றது என்பது கவிஞர்கள் நிறைந்த ஓர் அவையில் பேசத்தக்க பொருளே.

எலியட் 1922 முதல் 1939 வரை நடத்திய 'கிரைட்டீரியன்' என்ற காலாண்டிதழ் தத்துவமும் சமயமும் கனத்த குரலில் விவாதிக்கப்பட்ட இடம். அதன் 1927 ஜனவரி இதழில் ஒன்பது மர்ம நாவல்களை அவர் ஒருசேர மதிப்பிட்டார். அத்துடன் நில்லாமல் இவ்வகைக் கதைக்கான நெறிகளையும் வகுத்தார். நம்ப முடியாத மாறுவேடங்களை நம்பிக் கதை நடக்கக் கூடாது. குற்றவாளியின் இயல்பும் நோக்கமும் சாதாரண மனிதருடையவையாக இருக்க வேண்டும். அப்போதுதான் வாசகருக்கும் கண்டுபிடிக்க ஒரு வாய்ப்புக் கிட்டும். அமானுஷ்யத்துக்கும், தனித்திருக்கும் விஞ்ஞானியின் விபரீதக் கண்டுபிடிப்புக்கும் இடமில்லை. விசித்திரப் பொறிகள் தேவையற்ற சுமை. துப்பறிபவர் கூர்மதியினராக இருக்கலாம், அதிமனிதராகக் கூடாது. வான் டைன் இருபது விதிகளை எழுதியது 1928இல். ரொனால்டு நாக்ஸ் பத்துக் கட்டளைகளை வெளியிட்டது 1929இல். எலியட் இருவரையும் முந்திக்கொண்டார்.

அம்மதிப்புரை வில்கி காலின்ஸுக்குச் செலுத்திய வணக்கமாகவே அமைந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் காலின்ஸையும் டிக்கன்ஸையும் பற்றிய நீண்ட கட்டுரை. 1928இல் ஆக்ஸ்போர்டு உலகச் செவ்விலக்கிய வரிசையில் வந்த 'மூன்ஸ்டோன்' பதிப்புக்கு ஒரு முன்னுரை. ஒரே நாவலாசிரியரிடம் ஈராண்டுக்குள் மும்முறை திரும்பியிருக்கிறார். எட்கர் ஆலன் போவின் கதை சதுரங்கப் புதிரைப் போல அறிவு ஒன்றையே நம்புவது. ஆங்கிலத் துப்பறியும் நாவலோ மனித இயல்பை நம்புவது. அதைத் தொடங்கி வைத்தவர் காலின்ஸ் என்பது எலியட்டின் துணிபு.

இத்துணிபு சரிதானா என்று பார்ப்பதற்கு 'மூன்ஸ்டோனை' இரண்டாம் முறை படிப்பதே வழி. 1868இல் டிக்கன்ஸின் வார இதழில் தொடராக வந்த நாவல் அது. பதினெட்டாம் பிறந்த நாளன்று ரேச்சல் என்ற பெண்ணுக்கு ஒரு வைரம் வந்து சேர்கிறது, அன்றிரவே காணாமற்போகிறது. அதைத் தேடுவதில் எல்லாரையும் விட முனைப்புக் காட்டுபவன் அவளை விரும்பும் பிராங்க்ளின் பிளேக். எடுத்தவனும் அவனே. தனக்குத் தெரியாமல் பானத்தில் கலந்து கொடுக்கப்பட்ட அபினியின் மயக்கத்தில் எடுத்தான். விடிந்தபின் அவனுக்கு எதுவும் நினைவில்லை. நூற்றைம்பது ஆண்டுகள் கடந்த நூலின் முடிவைச் சொல்வதில் பிழையில்லை. சொல்லாமல் அதன் அருமையை விளக்கவும் இயலாது.

முதல் வாசிப்பில் ரேச்சலின் மௌனம் சந்தேகத்துக்கு இடமளிக்கிறது. காவல் துறையின் வேண்டுகோளையும் மதியாமல், கேட்பவர் மீதெல்லாம் சீறி விழும் அவளையே துப்பறியும் சார்ஜன்ட் கஃப் ஐயுறுகிறார். வாசகரும் உடன் ஐயுறுகிறார். அவள் அவன் எடுத்ததைக் கண்ணால் கண்டவள் என்பது பின்னரே தெரிகிறது. அது தெரிந்து மீண்டும் படிக்கையில் அதே மௌனம் காதலாகிறது; காட்டிக்கொடுக்கவும் மாட்டாமல் மன்னிக்கவும் மாட்டாமல் தவிக்கும் ஒருத்தியின் குரலாக ஒவ்வொரு உரையாடலும் மாறிவிடுகிறது. வேலைக்காரி ரோசன்னாவின் கதை இன்னும் கனமானது. முன்பு திருட்டுக் குற்றத்துக்காகத் தண்டனை பெற்றவள். அவள் ஒளிந்து ஒளிந்து நடப்பதெல்லாம் முதலில் தடயங்கள். எசமானரின் உறவினனான பிளேக்கை அவள் மனத்துக்குள் விரும்பினாள், சாயம் பட்ட அவனுடைய இரவு அங்கியை அவனுக்காகவே மறைத்தாள், அவன் ஏறிட்டும் பாராமையால் புதைமணலில் உயிரை விட்டாள் என்று அறிந்தபின் அந்தத் தடயங்கள் தடயங்களாக நிற்பதில்லை. அவை துயரங்கள். விடையைத் தேடும் அவசரத்தில் வாசகர் கவனியாமல் கடந்துபோன ஓர் ஏழைப் பெண் மறுவாசிப்பில்தான் எதிரே வந்து நிற்கிறாள். ஆடன் சொன்ன மறதி இங்கே செல்லுபடியாகவில்லை.

வைரத்தின் கதையும் அப்படியே. 1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது ஆங்கிலேயப் படையினன் ஒருவன் கொலை செய்து கைப்பற்றிய கல் அது. முதல் வாசிப்பில் அதைத் தேடி வரும் மூன்று பிராமணர்கள் அச்சமூட்டும் அந்நியர்கள். இரண்டாம் முறையோ, திருட்டு நிகழ்ந்தது முன்னுரையிலேயே, திருடியவன் யார் என்பதும் அங்கேயே சொல்லியாயிற்று என்பது உறைக்கிறது. சிப்பாய்ப் புரட்சிக்குப் பதினோராண்டுகளே கழிந்திருந்த இங்கிலாந்தில், கல்லை இறுதியில் சோமநாதத்துத் திங்கட் கடவுளிடமே சேர்த்துவிட்டார் காலின்ஸ். எலியட் இந்தப் பக்கத்தை மேலும் அழுத்திப் பேசியிருக்கலாம்.

வேடிக்கையான செய்தி ஒன்றும் உண்டு. எலியட்டின் விதிகளின்படி பார்த்தால் 'மூன்ஸ்டோன்' தேறுவது ஐயமே. எசுரா ஜென்னிங்ஸ் என்ற தனிமைப்பட்ட மருத்துவ உதவியாளன் பிளேக்குக்கு மறுபடி அபினி கொடுத்து அந்த இரவைத் திரும்ப நடத்திக் காட்டுவதில்தான் மர்மம் அவிழ்கிறது. புதிரின் விடை என்ற அளவில் அது நாவலின் மெலிந்த இடம். ஆனால் நோயின் வேதனைக்காக அபினியையே நம்பி வாழும் ஜென்னிங்ஸை எழுதிய காலின்ஸும் அப்போது கீல்வாதத்தால் படுக்கையில் கிடந்தவர், அதே மருந்தை உட்கொண்டவர். விதி தோற்ற இடத்தில் மனிதன் நிற்கிறான். எலியட் தம் விதியை ஒதுக்கி வைத்து நாவலைப் போற்றியது அவருடைய வாசக நேர்மைக்குச் சான்று.

நாவலுக்குள்ளேயே மறுவாசகர் ஒருவரும் உலவுகிறார். முதிய காரியஸ்தர் பெட்டரெட்ஜ் 'ராபின்சன் குரூசோ'வை வேதம்போல் புரட்டுபவர். ஆறு படிகளைப் படித்தே கிழித்தவர். ஏழாவது படி எசமானியின் பரிசு.

நாடகத்துக்கு வரும்போது இவ்வாசிப்பு வேறு வடிவம் கொள்கிறது. 1935 ஜூனில் கேன்டர்பரி பேராலய வளாகத்தில் அரங்கேறிய 'மர்டர் இன் த கதீட்ரல்' என்னும் நாடகம் பெயரளவில் ஒரு மர்மக் கதை. தலைப்பைத் தந்தவர் அதன் இயக்குநர் மார்ட்டின் பிரௌனின் மனைவி ஹென்சி ரேபர்ன். ஆனால் மர்மம் எங்கே? 1170இல் பேராயர் தாமஸ் பெக்கெட் கொல்லப்பட்டதையும் கொன்றவர் யார் என்பதையும் அறியாத பார்வையாளர் அந்த ஊரில் இருந்திருக்க முடியாது. ஈடிபசின் கதையை முன்பே அறிந்து வந்து அமர்ந்த ஏதென்ஸ் மக்களைப் போன்ற அவை அது. கொலை முடிந்ததும் நான்கு வீரர்களும் முன்னால் வந்து, செய்யுளை விட்டு உரைநடைக்கு மாறி, அவையோரிடமே நியாயம் பேசுகிறார்கள். பேராயரைக் கொன்றது யார் என்ற துப்பறியும் நாவலின் கேள்வியை அவர்களுள் ஒருவனே எழுப்பி, அவர் தற்கொலை செய்துகொண்டார் என்று முடிவும் கட்டுகிறான். விடை தெரிந்த கேள்வி, கேட்பவன் கொலையாளி, தீர்ப்பளிக்க வேண்டியவர்கள் இருக்கையில் அமர்ந்திருப்பவர்கள். பிளேக் தன்னையே தேடிய கதையில் திளைத்தவருக்கு இந்தத் திருப்பம் எளிதில் கைவந்திருக்கும்.

அதே நாடகத்தில் பெக்கெட்டுக்குப் பதவி ஆசை காட்டும் சோதனையாளனோடு நடக்கும் கேள்வி-பதில், கோனான் டாயில் 1893இல் வெளியிட்ட 'மஸ்கிரேவ் ரிச்சுவல்' என்ற ஹோம்ஸ் கதையிலிருந்து எடுத்தது. ஆய்வாளர்கள் இதைச் சுட்டியபின், அறிந்தே செய்ததாக எலியட் 1951இல் ஒப்புக்கொண்டார். கதையில் அது ஒரு குடும்பத்தின் வாரிசுகள் தலைமுறை தலைமுறையாகப் பொருள் புரியாமல் ஒப்பித்த வாசகம். முதலில் புரிந்துகொண்டவன் அவ்வீட்டு ஏவலாள்; அவன் உயிரிழந்தான். ஹோம்ஸ் மரத்தின் நிழலை அளந்து கண்டது முதலாம் சார்லஸ் மன்னனின் முடி. எலியட் முடியை எடுத்துவிட்டு அவ்விடத்தில் அதிகாரத்தை வைத்தார். வாசகத்தின் தாளத்தை அப்படியே வைத்துக்கொண்டார்.

1939இல் வந்த 'த ஃபேமிலி ரீயூனியன்' அவ்வளவு வெற்றி பெற்ற நாடகம் அன்று. ஆயினும் ஒரு காட்சி இங்குக் குறிக்கத்தக்கது. மனைவியைக் கப்பலிலிருந்து தள்ளிவிட்டதாகச் சொல்லும் ஹேரியின் வீட்டுக்கு ஒரு காவலர் வருகிறார். கைதுக்கே வந்திருக்கிறார் என்று அவன் நடுங்க, அவர் சொல்ல வந்ததோ தம்பிக்கு நேர்ந்த விபத்துச் செய்தி. குற்றத்தைத் துப்பறியலாம், பாவத்தை எந்தச் சார்ஜன்டிடம் ஒப்படைப்பது?

அதே ஆண்டு பூனைகளைப் பற்றிய பாடல் தொகுதியில் ஹோம்ஸின் பகைவன் மோரியார்ட்டி, மெகாவிட்டி என்ற பூனையாகக் குழந்தைகளிடம் போய்ச் சேர்ந்தான். பின்னாளில் இசைநாடக மேடையிலும் ஏறினான். இது விளையாட்டு. விளையாட்டல்லாத ஒன்று 1940இல் வந்த 'ஈஸ்ட் கோக்கர்' கவிதையில் இருக்கிறது. 'கிரிம்பன்' என்றொரு சொல் அதில் பொதுப்பெயராக வருகிறது. பாஸ்கர்வில் வேட்டைநாயின் கதையில் டார்ட்மூர் வெளியில் உள்ள சதுப்புக்கு டாயில் இட்ட பெயர் அது. அக்கதையில் ஒரு மட்டக்குதிரை கழுத்துவரை அமிழ்ந்து கதறி அடங்குவதை வாட்சன் கரையில் நின்று பார்க்கிறார். எலியட்டின் கவிதையில், ஐம்பதை எட்டிய ஒருவர் போர் தொடங்கிவிட்ட ஐரோப்பாவில் கால் ஊன்ற இடம் தேடும்போது அந்தச் சதுப்பின் விளிம்பில் நிற்கிறார்.