பேனுக்குச் சீப்பு போதும், மருந்துப் போத்தல் வேண்டாம்

(தோட்டத்துத் தாய்மார் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இன்றைக்குப் பேசப்போவது பேனைப் பற்றி. சிரிக்கிறீர்கள், சரி. ஆனால் பேனுக்குப் பூசிய மருந்தால் ஒரு பிள்ளை சாகக் கிடந்ததை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

முன்பு வேலை பார்த்த ஒரு தோட்டத்தில் நடந்தது. நாலாம் வகுப்புப் பிள்ளை, தலை நிறையப் பேன். பக்கத்தில் உட்கார மாட்டோம் என்று மற்றப் பிள்ளைகள் சொல்ல, பள்ளிக்கூடம் போகாமல் அழுதுகொண்டு கிடந்தது. தகப்பன் பின்னேரங்களில் கைக்காசுக்கு மரக்கறித் தோட்டத்துக்குப் போகிறவர். உருளைக்கிழங்குக்கு அடிக்கிற மருந்தில் கொஞ்சம் சோடாப் போத்தலில் கொண்டுவந்தார். பேனும் பூச்சிதானே என்று நினைத்தார். தாய் அதைத் தலையில் தேய்த்துத் துணியால் கட்டிவிட்டார். கொஞ்ச நேரத்தில் பிள்ளைக்கு வாயில் நீர் வடிந்தது, வாந்தி, மூச்சு இழுத்தது. கொழுந்து லொறியில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பிள்ளை பிழைத்தது. பெற்றவர்கள் கெட்டவர்கள் இல்லை. வெட்கந்தான் அப்படிச் செய்ய வைத்தது.

அந்த மருந்து தோல் வழியாகவே உடம்புக்குள் போகும். சொறிந்த புண் இருந்தால் இன்னும் வேகம். தப்பித்தவறிப் பட்டுவிட்டால் உடுப்பைக் கழற்றி, சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவி, போத்தலையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மண்ணெண்ணெயும் வேண்டாம். குளிருக்கு அடுப்படியில் குந்துகிற பிள்ளைகள்!

பேன் வந்தால் அழுக்கு வீடு என்று அர்த்தமில்லை. குளித்த தலையிலும் ஏறும். அது பறக்காது, குதிக்காது. தலையோடு தலை முட்டும்போது ஊர்ந்து போகும். ஒரே கம்பளிக்குள் நாலு பேர் படுக்கிற லயக் காம்பராவில் போகாமல் இருக்குமா? கொழும்பில் மாடி வீட்டுப் பிள்ளைகளுக்கும் வரும். பேன் பார்ப்பதற்காகப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தால் நிறுத்தாதீர்கள். பொம்பளைப் பிள்ளைக்கு மொட்டையும் வேண்டாம், அந்த வெட்கத்தில் திரும்பவும் வீட்டிலேயே இருந்துவிடும்.

இஸ்தோப்பில் வெயிலில் உட்கார்ந்து ஈர் இழுக்கிற பாட்டிமாருக்கு நாங்கள் சொல்லித்தர ஒன்றுமில்லை. இஸ்ரேல் நாட்டில் லாக்கீசு என்ற இடத்தில் தோண்டியெடுத்த தந்தச் சீப்பொன்றில், தலைப் பேனும் தாடிப் பேனும் ஒழியட்டும் என்ற கருத்தில் எழுதியிருப்பதை 2022இல் அறிவித்தார்கள். 3,700 வருடப் பழையது. அன்றைக்கும் சீப்புத்தான்.

தலையை நனைத்து, எண்ணெய் தடவி, அடிமயிரிலிருந்து நுனி வரை பேன்சீப்பால் வாருங்கள். ஒவ்வொரு வாரலுக்கும் வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். ஒருநாள் வாரிவிட்டு விடுவதில்தான் எல்லாரும் தோற்கிறோம். ஈர் பொரிக்க 7 முதல் 10 நாள் ஆகும். பொரித்தது முட்டையிட இன்னும் ஒரு கிழமைக்கு மேல். ஆகவே மூன்று நாளைக்கு ஒரு தரம், இரண்டு கிழமை விடாமல் வாரவேண்டும். வீட்டில் எல்லாருடைய தலையையும் ஒரே நாளில் பாருங்கள், தகப்பன் தலை உட்பட. கம்பளியை எரிக்கத் தேவையில்லை. தலையை விட்டு விழுந்த பேன் இரண்டு நாளில் சாகும்.

சீப்பால் அடங்காவிட்டால் பெர்மெத்ரின் லோஷன் இருக்கிறது. டிஸ்பென்சரியில் கேட்டுப் பூசுங்கள், 9 நாள் கழித்து மறுபடி. கைக்குழந்தைக்குக் கேட்காமல் பூசவே கூடாது.

வரும் ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறியதும் பீலியடிக்குப் பிள்ளைகளோடு வாருங்கள். சீப்பு இல்லாதவர்கள் இப்போதே பெயர் கொடுங்கள்.