அம்மாமண்டபத்துத் தண்ணீருக்கு எந்த ஊர்?

ஆடிப்பெருக்கன்று ஸ்ரீரங்கம் அம்மாமண்டபம் படித்துறையில் இறங்கி, இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளிப் பாருங்கள். நீர் வடிந்த பிறகு உள்ளங்கையில் கொஞ்சம் மண் ஒட்டியிருக்கும். அதில் காக்காப்பொன் மினுக்கும். அந்த மண்ணுக்குச் சொந்த ஊர் மலை.

குடகில் பிறந்த காவிரியோடு வயநாட்டுக் கபினியும், நீலகிரித் தண்ணீரைச் சுமந்து வரும் பவானியும் சேர்ந்துதான் ஸ்ரீரங்கத்துக்கு மேலேயுள்ள முக்கொம்புக்கு வருகின்றன.

நீலகிரிக்கே போவோம். பார்வைக்கு ஒரே பச்சை. காலடியில் மண் பல விதம். சரிவுகளில் புல்வெளி, அடியில் செம்மண். மலை மடிப்புகளில் சோலைக்காடு, இலை மக்கிய கருமண். பள்ளங்களில் சதுப்பு, நீரில் ஊறி, முழுக்க மக்காமலே அடுக்கடுக்காய்ச் சேர்ந்த மண். மழை பெய்தால் புல்வேர் சரிவைப் பிடித்துக்கொள்ளும். சோலை மண் குடித்துக்கொள்ளும். சதுப்போ, மழை விட்ட பிறகும் ஓடைக்குச் சிறுகச் சிறுகக் கொடுத்துக்கொண்டிருக்கும்.

செடிகள் காற்றிலிருந்து எடுத்த கரியைப் பூட்டி வைப்பதும் சதுப்புதான். அதன் அடுக்குகளை ஆராய்ந்து, சுமார் 20,000 ஆண்டுப் பருவநிலைக் கதையை 1993-இல் இந்திய அறிவியலாளர்கள் எழுதினார்கள். நீலகிரிப் பழங்குடியினரான தோடர்கள் கோயில் கூரை வேயும் புல்லும் சதுப்பில் வளர்வதுதான்.

வெள்ளைக்காரர் காலத்திலிருந்து தேயிலையும் சீகையும் தைல மரமும் புல்வெளியை மூடின. சில சதுப்புகளைத் தூர்த்தாயிற்று. 2009 நவம்பரில் நீலகிரியின் கேத்தியில் ஒரே நாளில் சுமார் 82 செ.மீ. மழை. மலை பல இடங்களில் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அத்தனை மழைக்கு எந்த மண்ணும் திணறும்தான். ஆனால் சாலைக்கும் வீட்டுக்குமாகச் செதுக்கிய சரிவுக்குத் தாங்கும் தெம்பு இன்னும் குறைவு.

"அதான் பவானிசாகர் அணை இருக்கிறதே?" என்பீர்கள். அணை வந்த நீரைத் தேக்கும். நீரை வடிகட்டி, நிதானமாக அனுப்புவது மலை மண். அந்த மண்ணே கரைந்து வந்தால் அணைக்குள் படிந்து, தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தை அடைத்துக்கொள்ளும்.

ஆகவே, மேலே ஒரு சதுப்பைத் தூர்க்கிறார்கள் என்று சேதி வந்தால், அது ஊட்டிக்காரர் பாடு என்று இருந்துவிடாதீர்கள். அம்மாமண்டபத்தின் முதல் படி அங்கேதான் இருக்கிறது.