அன்பா? அட்டையா?

(‘அயல்நாடு செல்லும் மனைவிக்குப் பெருந்துணை கணவனின் அன்பா, காப்பீட்டு அட்டையா?’ – மாகறல் பட்டிமன்றத்தில் ‘அட்டையே’ அணியின் பேச்சு)

அரைமணி நேரமாக அன்பு அன்பு என்று உருகி, மேடையையே ஈரமாக்கிவிட்ட எதிரணி நண்பர்களே!

இந்த ஊரில் மேடை போட்டது எங்கள் அணிக்கு வசதி. இக்கோயில் தலவரலாறு உங்களுக்குத் தெரியும். பொன் உடும்பு ஒன்றை அரசன் துரத்தினான், அது புற்றுக்குள் புகுந்தது, தோண்டினால் சிவலிங்கம். அவனுக்குச் சாமி கிடைத்தார், கொடுத்து வைத்தவன். நாமும் துரத்துகிறோம், ‘ஃபாரின் மாப்பிள்ளை’ என்ற பொன் உடும்பை! புற்றுக்குள்ளே என்ன இருக்குன்னு ஒருத்தரும் கேட்கிறதில்லை. (சிரிப்பு)

சம்பளம் எவ்வளவு? கேட்கிறோம். சிகரெட் உண்டா? மாமாவை விட்டு விசாரிக்கிறோம். ‘என் பொண்ணு அங்கே படுத்துக்கிட்டா யார் காசு கட்டுவா?’ இப்படிக் கேட்ட ஒரு தகப்பனாரைக் காட்டுங்கள், நான் இப்போதே அணி மாறிவிடுகிறேன்.

கேட்காததற்குக் காரணமும் இருக்கிறது. இங்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரசவத்துக்குக் கட்டணம் இல்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், அதில் சேர்ந்த சிகிச்சைகளுக்குக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. அந்தப் பழக்கத்திலேயே விமானம் ஏறிவிடுகிறோம்.

என் மாணவி ஒருத்தி. எம்.ஏ. தமிழ். கல்யாணமான கையோடு ‘டிபென்டன்ட்ஸ் பாஸ்’ வாங்கிக்கொண்டு சிங்கப்பூர் போனாள். கணவர் தங்கமான பிள்ளை. எதிரணி குறித்துக்கொள்ளுங்கள், அவள்மேல் உயிரையே வைத்திருந்தார். ஒரு நள்ளிரவில் அவளுக்கு வயிற்றுவலி. அரசாங்க ஆஸ்பத்திரிதானே என்று ஓடினார்கள். அறுவை சிகிச்சை. பிழைத்துக்கொண்டாள். பிறகு பில் வந்தது! அங்கே அரசு மானியம் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். 2015 முதல் நடக்கும் ‘மெடிஷீல்டு லைஃப்’ காப்பீடும் அவர்களுக்குத்தான். இவள் இரண்டிலும் இல்லை.

கம்பெனிக் காப்பீடு? இருந்தது. மனைவியைச் சேர்க்கப் படிவமும் கொடுத்திருந்தார்கள். அது மேசை இழுப்பறையில் தூங்கியது. “அவளுக்கு என்ன வந்துடப்போகுதுன்னு இருந்துட்டேன் சார்” என்றார் அந்தப் பிள்ளை. அன்பு இருந்தது நடுவர் அவர்களே, கையெழுத்துதான் இல்லை! (பலத்த கைதட்டல்)

அவள் நகை முழுதும் அடகுக்குப் போயிற்று. அவள் அப்பா எனக்குப் போன் போட்டு அழுதார். நிச்சயதார்த்தத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து பாயசம் சாப்பிட்டவன் நான். நானும்தான் கேட்கவில்லை.

லண்டன் வேறு மாதிரி. 1948-இல் தொடங்கிய என்.எச்.எஸ். எல்லாருக்கும் இலவசம் என்பார்கள். 2015-லிருந்து நம்மவர் விசாவுக்கு மனுப் போடும்போதே சுகாதாரக் கட்டணம் கட்ட வேண்டும். 2024 பிப்ரவரி முதல் ஆண்டுக்கு 1,035 பவுண்டு. மனைவிக்கான விசா 2 வருடம் 9 மாதம் என்றால், அந்த 9 மாதத்துக்கும் முழு வருடக் கணக்கு. ஆக 3,105 பவுண்டு! நம்ம காசில் 3 லட்சத்தைத் தாண்டும். கட்டிவிட்டால் பிரசவம், ஆபரேஷன் எல்லாம் அங்கே வசிக்கிறவர்களைப் போலவே. பல் வைத்தியத்துக்குத் தனிக் காசு, அதனால் முறுக்கைப் பார்த்துக் கடிக்கச் சொல்லுங்கள். (சிரிப்பு) ‘ஹெல்த் அண்ட் கேர்’ விசாவில் போகும் நர்சுக்கும், கூடப்போக அனுமதியுள்ள அவர் கணவருக்கும் இந்தக் கட்டணமே கிடையாது. இதைச் சொல்லிக்கொடுப்பது அன்பா, விவரமா?

அமெரிக்காவில், கம்பெனிக் காப்பீட்டில் புது மனைவியைச் சேர்க்கக் குறைந்தது 30 நாள் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். பல இடங்களில் கல்யாணத் தேதியிலிருந்து அந்த 30 நாளோடு சரி. விட்டால் அடுத்த சேர்க்கைக் காலம்வரை காத்திருக்க வேண்டும். நமக்கோ 30 நாளில் மறுவீட்டு விருந்தே முடிவதில்லை!

போன மாதம் அந்த மாணவியின் தங்கையைப் பெண் பார்க்க வந்தார்கள். நானும் போயிருந்தேன். மாப்பிள்ளைக்கு அமெரிக்காவில் வேலை. பஜ்ஜியை எடுத்தார். பெண் நிமிர்ந்து கேட்டாள்: “உங்க ஆபீஸ் இன்சூரன்ஸ்லே என் பேரு எத்தனை நாள்லே ஏறும்?” பிள்ளையின் அம்மா என்னைப் பார்க்கிறார், நான் கூரையைப் பார்க்கிறேன். மாப்பிள்ளை பஜ்ஜியைத் தட்டில் வைத்துவிட்டு, “தெரியலீங்க, கேட்டுச் சொல்றேன்” என்றார். மறுநாளே பதில் வந்துவிட்டது, படிவத்தோடு!

நடுவர் மணியைத் தொடுகிறார். கல்யாணம் தை மாதம், எனக்கும் பத்திரிகை வந்திருக்கிறது.